தைத்த விதை மீண்டும் முறுகும்போது

விதைமுறுக்கத்துக்காக, அதாவது ஆணின் விதை (விரை) தான் தொங்கும் நாணோடு முறுகிக் குருதியோட்டம் தடைப்படும் நோய்க்காக, மகனைச் சத்திரசிகிச்சைக்கூடத்துக்குள் அனுப்பிவிட்டு வெளியே வாங்கில் காத்திருக்கும் பெற்றோரிடம் வைத்தியர் வந்து, "விதை தப்பிவிட்டது, இரண்டு பக்கமும் தைத்திருக்கிறோம்" என்று சொல்லும்போது கிடைக்கும் ஆறுதல் சிறியதல்ல. வீட்டுக்கு வந்து காயம் ஆறிய பிறகு அந்த ஆறுதல் ஒரே வசனமாகச் சுருங்கி நிலைத்துவிடுகிறது: "தைச்சாச்சு, இனிப் பயமில்லை." பெரும்பாலானோர் விடயத்தில் இந்த வசனம் வாழ்நாள் முழுவதும் உண்மையாகவே இருக்கும். ஆனால் மிகச் சிலருக்கு, சில மாதங்களோ பல ஆண்டுகளோ கழித்து, தைத்த அதே விதையோ முன்னெச்சரிக்கையாகத் தைக்கப்பட்ட மறுபக்க விதையோ மீண்டும் முறுகியிருக்கிறது. அத்தகைய நோயாளரின் விபரங்கள் மருத்துவ இதழ்களில் பல பத்தாண்டுகளாகப் பதிவாகி வருகின்றன. தையல் ஏன் தோற்றது என்பது சத்திரசிகிச்சை நிபுணர்களின் கேள்வி. முன்பு தைத்தாயிற்று என்ற நம்பிக்கையில் வீட்டிலும் வைத்தியசாலையிலும் எத்தனை மணித்தியாலங்கள் கழிந்துபோகின்றன என்பது நம் எல்லோருடைய கேள்வி. எனக்கு இந்த இரண்டாவது கேள்வியே அதிகக் கவலை தருகிறது.

விதை எப்படி முறுகுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு விதையும் விந்து நாண் எனப்படும் ஒரு கயிறு போன்ற கட்டில் தொங்குகிறது. விதைக்குக் குருதியைக் கொண்டுவரும் நாடியும், அதைத் திருப்பி எடுத்துச்செல்லும் நாளங்களும், நரம்புகளும், விந்துக் குழாயும் அந்த நாணுக்குள்ளேயே செல்கின்றன. விதையைச் சுற்றி வழுவழுப்பான ஓர் இரட்டை உறை இருக்கிறது. சாதாரணமாக இந்த உறை விதையின் முன்புறத்தையும் பக்கங்களையும் மட்டும் மூடும். பின்புறம் விதைப்பையின் சுவரோடு ஒட்டியிருப்பதால் விதை சுழல இடமில்லை. சிலரிடம் இந்த உறை விதையை முழுவதுமாகச் சூழ்ந்து மேலே நாண்வரை ஏறிவிடுகிறது. அப்போது விதை, கோயில் மணிக்குள் தொங்கும் நாக்குப் போல எங்கும் பற்றில்லாமல் ஆடுகிறது. மருத்துவ நூல்கள் இதற்கு இட்டிருக்கும் பெயரும் மணிநாக்கு அமைப்பு என்பதே. பிணப் பரிசோதனைகளை அடிப்படையாகக் கொண்ட ஆய்வொன்றில் ஆண்களில் சுமார் 12 சதவீதத்தினரிடம் இந்த அமைப்பு காணப்பட்டது. விதைமுறுக்கமோ 25 வயதுக்குட்பட்ட ஆண்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4000 பேரில் ஒருவருக்கே ஏற்படுவதாகக் கணிக்கப்படுகிறது. ஆகவே அமைப்பு இருப்பவரில் பெரும்பாலானோருக்கு ஒருபோதும் முறுக்கம் வருவதில்லை. ஆனால் ஒரு பக்கத்தில் அந்த அமைப்பு இருந்தால் மறுபக்கத்திலும் இருப்பதே வழக்கம். ஒரு விதை முறுகிய உடனேயே மற்றையதையும் சேர்த்துத் தைப்பதற்கான காரணம் அதுதான்.

நாண் முறுகியவுடன் முதலில் அடைபடுவது மெல்லிய சுவருடைய நாளங்கள். குருதி உள்ளே வந்துகொண்டிருக்க வெளியேற வழியில்லாமல் விதை வீங்குகிறது. வீக்கம் கூடக்கூட நாடியும் அடைபடுகிறது. ஒட்சிசன் இன்றி இழையம் அழியத் தொடங்குகிறது. விந்தை உருவாக்கும் கலங்கள் முதலில் அழிகின்றன; ஓமோனைச் சுரக்கும் கலங்கள் சற்று அதிக நேரம் தாங்குகின்றன. வலி தொடங்கி 6 மணித்தியாலங்களுக்குள் முறுக்கை அவிழ்த்துவிட்டால் 10 விதைகளில் 9ஐயாவது காப்பாற்றலாம். 12 மணித்தியாலங்கள் ஆகும்போது அது ஏறக்குறையப் பாதியாகிறது. ஒரு நாள் கடந்துவிட்டால் தப்புவது அரிது. முறுக்கு ஒரு சுற்றா, இரண்டு சுற்றா, இறுகலானதா தளர்வானதா என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு முன்பின்னாகும். 6 மணித்தியாலம் தாண்டிவிட்டது, இனிப் போய் என்ன பயன் என்று ஒருவரும் நினைத்துவிடக் கூடாது. அதே நேரத்தில், இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைப்பதற்கும் இடமில்லை.

சத்திரசிகிச்சையில் நடப்பது வெளியிலிருந்து பார்க்க எளிமையானது. விதைப்பையைத் திறந்து, முறுக்கை அவிழ்த்து, இளஞ்சூடான உப்புநீரில் நனைத்த துணியால் விதையைச் சுற்றி வைத்து, நிறம் திரும்புகிறதா என்று பார்க்கிறார்கள். திரும்பினால் அதை மீண்டும் சுழலாதபடி விதைப்பையின் சுவரோடு பொருத்துகிறார்கள். கறுத்தே கிடந்தால் அகற்றுகிறார்கள். எப்படிப் பொருத்துவது என்பதில் உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட ஒரே முறை இன்றுவரை கிடையாது. ஐரோப்பிய சிறுவர் சிறுநீரியல் வழிகாட்டல்களே, எந்த முறையும் எந்த இழையும் சிறந்தது என்று பொது உடன்பாடு இல்லை என்பதை ஒப்புக்கொள்கின்றன. மீண்டும் முறுகுதல் என்ற சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பதால், இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

தையல் இழை தானாக விதையைக் காலம் முழுவதும் பிடித்துவைத்திருப்பதில்லை. விதையும் விதைப்பைச் சுவரும் ஒன்றோடொன்று ஒட்டி, இடையே வடு இழையம் வளர்ந்து, அந்த வடுவே நிரந்தரக் கட்டாக அமைய வேண்டும். இழை அதுவரைக்குமான தற்காலிகத் தாங்கல்தான். முற்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட கட்கட் இழை விலங்குகளின் குடலிலிருந்து செய்யப்படுவது. அது சில வாரங்களில் வலுவிழந்து கரைந்துவிடும். இன்று பயன்படும் வைக்ரில் போன்ற இழைகள் ஏறத்தாழ 2 மாதங்களில் முற்றாக உறிஞ்சப்படுகின்றன. அந்த இடைவெளிக்குள் போதிய வடு உருவாகாவிட்டால், இழை கரைந்த நாளிலிருந்து விதை மறுபடியும் மணிநாக்குத்தான். மீண்டும் முறுகியதாக முதலில் பதிவான நோயாளரில் பலர் கரையும் இழையால் தைக்கப்பட்டவர்கள். அதனால்தான் பல நிபுணர்கள் புரோலீன் போன்ற கரையாத இழைகளுக்கு மாறினார்கள். ஆயினும் கரையாத இழையால் தைத்த பிறகும் முறுகிய நிகழ்வுகள் பின்னர் பதிவாகின. இழை அறுந்துவிடாமலேயே, அது கோத்திருந்த மெல்லிய இழையத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிட முடியும். சட்டைப் பொத்தானின் நூல் அறாமல் துணி கிழிவதைப் போல.

எத்தனை இடத்தில் தைப்பது என்பதும் பொருட்டே. ஒரே புள்ளியில் கட்டிய விதை அந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்பலாம். மேலும் கீழுமாக ஒரே கோட்டில் இரண்டு புள்ளிகளில் தைத்தால், அந்தக் கோடே ஓர் அச்சாகி, விதை அதன்மேல் ஓரளவு திரும்ப இடமிருக்கலாம். ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளில் தைக்கும் பழக்கம் இந்தத் தர்க்கத்திலிருந்து வந்தது. ஆனால் ஒவ்வொரு தையலும் விதையின் வெண்ணிற வன்தோலைத் துளைக்கிறது. எலிகளில் செய்த பரிசோதனைகளில் அத்தகைய துளைகள் விதைக்குள் அழற்சியையும் சேதத்தையும் ஏற்படுத்தக்கூடும் என்று தெரியவந்ததால், தைக்காமலேயே பொருத்தும் முறையொன்றைப் பலர் விரும்புகிறார்கள். அதில் வழுவழுப்பான உறையைத் திறந்து பின்புறமாகப் புரட்டிவிட்டு, விதைப்பைத் தோலுக்கும் அதன் கீழுள்ள மெல்லிய தசைப்படைக்கும் இடையே ஒரு சிறு பையை உருவாக்கி, விதையை அதற்குள் வைத்துப் பையின் வாயை ஒடுக்கிவிடுகிறார்கள். உறை நீங்கிய விதை நாற்புறமும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு புள்ளியில் அல்லாமல் ஒரு பரப்பு முழுவதிலும் பிடிப்பு ஏற்படுகிறது.

உறை என்ற இந்த ஒரு சொல்லில்தான் விடயம் தங்கியிருக்கிறது என்பது என் புரிதல். உறையின் இரண்டு உட்புறங்களும் வழுக்குவதற்காகவே அமைந்தவை. அவற்றைத் திறந்து நீக்காமல், உறையின் ஊடாகவே ஓரிரண்டு தையல் போட்டுவிட்டால், வழுக்கும் பரப்பு அப்படியே இருக்கிறது. அங்கே வடு வளர ஏதுவில்லை. இன்னொரு அரிதான அமைப்பும் உண்டு. விதைக்கும் அதன் பின்னே சுருண்டு கிடக்கும் விந்துக் குழாய்த் திரளுக்கும் இடையிலான இணைப்பு சிலரிடம் நீளமாக இருக்கும். அவர்களில் அந்தத் திரள் நன்கு பொருத்தப்பட்டிருந்தாலும், விதை மட்டும் அந்த நீண்ட இணைப்பின்மீது திரும்பலாம். முறை சரியாக இருந்தும் தோல்வி நேரக்கூடிய சூழல் இது. ஒவ்வொரு மீள்முறுக்கத்தையும் முதல் வைத்தியரின் தவறாகக் கொள்வது நியாயமாகாது.

எவ்வளவு அரிது என்ற கேள்விக்கு, நான் மேலே குறிப்பிட்ட ஐரோப்பிய வழிகாட்டல்கள் 4.5 சதவீதம் என்ற எண்ணைத் தருகின்றன. சத்திரசிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும் அது நேரலாம் என்றும் சொல்கின்றன. இந்த எண்ணைப் பெற்றோர் கவனமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இது வைத்தியசாலை அனுபவத்திலிருந்து பெறப்பட்டது. வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு முறைகளில் தைக்கப்பட்டவர்களைப் பற்றியது. உங்கள் மகனுக்கு இன்ன முறையில், இன்ன இழையால் செய்த சத்திரசிகிச்சையின் தனிப்பட்ட ஆபத்தைச் சொல்லும் எண்ணன்று. அது உணர்த்துவது ஒன்றே: மீள்முறுக்கம் என்பது பூச்சியமல்ல. பூச்சியமல்லாத ஒன்றை, வலி வரும் இரவில் பூச்சியமாகக் கொண்டு முடிவெடுக்கக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். "முன்பு ஓப்பரேசன் செய்திருக்கிறது" என்று குடும்பங்கள் சொல்வது எல்லாமே விதையைப் பொருத்திய சத்திரசிகிச்சை ஆகாது. சிறுவயதில் குடலிறக்கத்துக்குச் செய்த சத்திரசிகிச்சையின் வடு கவட்டில் இருக்கும். அது விதைமுறுக்கத்திலிருந்து எந்தப் பாதுகாப்பையும் தராது. கைக்குழந்தைப் பருவத்தில் கீழிறங்காத விதையைக் கீழே இறக்கிப் பொருத்தியிருக்கலாம். அதுவும் ஒரு பொருத்தல்தான் என்றாலும், நோக்கமும் முறையும் வேறு, அதன் பின்னரும் முறுக்கம் ஏற்பட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. விதைமேல் இருக்கும் சிறு துணுக்கு முறுகியதற்காக விதைப்பையைத் திறந்து, துணுக்கை மட்டும் அகற்றிவிட்டு மூடியிருக்கலாம். சில வேளைகளில் அவசரப் பிரிவில் வைத்தியர் கையாலேயே முறுக்கை அவிழ்த்து, வலி நின்றுவிட்டதும் குடும்பம் பையனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அங்கே எதுவும் தைக்கப்படவேயில்லை, முறுக்கு முழுவதும் அவிழ்ந்ததா என்பதும் திறந்து பார்க்காமல் தெரியாது. இன்னும் சிலரில் முறுகிய பக்கம் மட்டும் தைக்கப்பட்டு, மறுபக்கம் விடுபட்டிருக்கும். பல ஆண்டுகள் கழித்து அந்த மறுபக்கம் முறுகும்போது, குடும்பம் அதை மீண்டும் வந்ததாக நினைக்கிறது. உண்மையில் அது ஒருபோதும் பாதுகாக்கப்படாத விதை. பிறந்த குழந்தைகளில் ஏற்படும் முறுக்கம் இவை எல்லாவற்றிலிருந்தும் வேறானது. அங்கே உறையும் சேர்ந்தே முறுகுகிறது, மறுபக்கத்தைத் தைப்பது பற்றியும் நிபுணர்களிடையே வேறுபட்ட கருத்துக்கள் உள்ளன.

இனி வீட்டுக்கு வருவோம். 14 வயதில் தைக்கப்பட்ட ஒரு பையனுக்கு இப்போது 19 வயது என்று வைத்துக்கொள்வோம். ஊர் மட்டக்களப்போ யாழ்ப்பாணமோ ஹற்றனோ. படிப்புக்காகவோ வேலைக்காகவோ கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்து மூன்று பேரோடு தங்கியிருக்கிறான். அதிகாலை 2 மணிக்கு ஒரு பக்க விதையில் தொடங்கிய வலி அவனை எழுப்புகிறது. முறுக்கம் நித்திரையில் தொடங்குவது வழமையே. அடிபட்டோ ஓடியாடியோதான் வர வேண்டும் என்பதில்லை. வலி அடிவயிற்றுக்கு ஏறுகிறது, குமட்டுகிறது, ஒருமுறை வாந்தியும் எடுக்கிறான். அறைத்தோழர் கேட்கும்போது அவன் சொல்வது "வயித்துக்குத்து" என்பதுதான். அம்மாவுக்கு அழைத்தாலும் அதையே சொல்கிறான். சோடா குடி, பனடோல் போடு, விடிந்ததும் பார்க்கலாம் என்ற பதிலே வரும். அவனுக்குள்ளே ஒரு சந்தேகம் எழுந்தாலும், அது தைத்ததாயிற்றே என்ற எண்ணம் அதை அமுக்கிவிடுகிறது. விடிந்த பிறகு அறைத்தோழர் ஒருவர் தனியார் வைத்தியசாலையில் நிபுணர் ஒருவரைச் சனல் செய்து, அதாவது காசு கட்டிப் பார்க்கும் நேரத்தைப் பதிவுசெய்து தருகிறார். இலக்கம் கிடைப்பது மாலை 6 மணிக்கு. இரவு 2 மணியிலிருந்து மாலை 6 மணிவரை 16 மணித்தியாலங்கள்.

இந்தக் கதையில் யாரும் அலட்சியமாக நடந்துகொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். அவன் வெட்கப்பட்டான், அம்மா கேட்டதற்கு ஏற்ற வைத்தியம் சொன்னார், தோழர் காசு செலவழித்து நல்ல வைத்தியரைத் தேடிக்கொடுத்தார். சனல் செய்வது கொழும்பில் எல்லா நோய்க்கும் முதல் வழியாகிவிட்டது. ஆனால் மணிக்கணக்கில் உயிர்பிழைக்கும் ஓர் உறுப்புக்கு அந்த வழி பொருந்தாது. மொழியும் சேர்ந்துகொள்கிறது. சிங்களம் அதிகம் பழகாத ஓர் இளைஞன் வெளிநோயாளர் பிரிவில் நின்று, தனக்குத் தெரிந்த "பட ரிதெனவா" என்பதையே சொல்வான். வயிறு நோகிறது என்று பொருள்படும் அந்த இரண்டு சொற்கள் அவனை வயிற்று நோயாளரின் வரிசையில் நிறுத்திவிடும். உடல் உறுப்பின் பெயரை வீட்டில் தமிழிலேயே சொல்லப் பழக்காத பிள்ளை, அந்நிய மொழியில் முன்பின் தெரியாத ஒருவரிடம் அதை எப்படிச் சொல்லும்? விதை என்பது பாடசாலை விஞ்ஞானப் பாடநூலில் உள்ள சொல்தான். மகனோடு அந்தச் சொல்லைத் தயங்காமல் பேசும் அப்பா, மாமா, அண்ணா ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும் என்று நான் மன்றாடியே கேட்கிறேன்.

வைத்தியசாலைக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தாலும், முன்பு தைத்திருப்பது பரிசோதனையைச் சிக்கலாக்குகிறது. விதைமுறுக்கத்தை மதிப்பிட 2013ஆம் ஆண்டில் வெளியான ட்விஸ்ட் என்ற புள்ளிமுறை பல நாடுகளில் பயன்படுகிறது. விதை வீங்கியிருந்தால் 2 புள்ளி, கல்லாக இறுகியிருந்தால் 2 புள்ளி, தொடையின் உட்புறத்தைத் தடவும்போது விதை மேலெழும் தெறிவினை இல்லாவிட்டால் 1, குமட்டலோ வாந்தியோ இருந்தால் 1, விதை வழக்கத்தைவிட மேலே ஏறி நின்றால் 1 என மொத்தம் 7. ஐந்தும் அதற்கு மேலும் என்றால் முறுக்கத்துக்கான வாய்ப்பு மிக அதிகம். தைக்கப்பட்ட விதையிலோ இந்த அடையாளங்களுள் சில தம் பொருளை இழக்கின்றன. சுவரோடு பொருத்திய விதை ஓரளவு முறுகினாலும் மேலே ஏறாமல் நிற்கலாம். முந்தைய சத்திரசிகிச்சைக்குப் பின் தெறிவினை ஏற்கெனவே மங்கிப்போயிருக்கலாம். வடுவினால் விதை எப்போதுமே சற்று இறுக்கமாகத் தோன்றலாம். ஆகவே குறைந்த புள்ளிகள் கிடைத்தன என்பதை மட்டும் வைத்து ஆறுதல் அடைய முடியாது.

குருதியோட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கேனும் முழுத் தீர்ப்பை வழங்குவதில்லை. ஐரோப்பாவில் பல வைத்தியசாலைகள் சேர்ந்து செய்த ஓர் ஆய்வில், முறுக்கம் உறுதியான 208 சிறுவரில் 24 சதவீதத்தினருக்கு டொப்ளரில் விதைக்குள் குருதியோட்டம் தென்பட்டது. முறுக்கு முழுமையாக இல்லாதபோது நாளங்கள் அடைபட்டும் நாடி ஓடிக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம். அதே ஆய்வில், விதையை மட்டும் பார்க்காமல் மேலே நாணையும் தொடர்ந்து பார்த்து முறுக்கின் சுழியைத் தேடியபோது பெரும்பாலானோரில் அது நேரடியாகவே தெரிந்தது. மீள்முறுக்கத்தில் தையலின் எச்சப் பிடிப்பு முறுக்கைப் பகுதியளவில் நிறுத்தி வைத்திருக்கக்கூடும் என்பதால், குருதி ஓடுகிறது என்ற ஒரு வரி இங்கே இன்னும் கவனமாக வாசிக்கப்பட வேண்டியது. ஸ்கேனுக்காகக் காத்திருக்கும் நேரமும் கணக்கில் சேரும். சந்தேகம் வலுவானால் ஸ்கேன் இல்லாமலே திறந்து பார்ப்பதுதான் உலகெங்கும் ஏற்கப்பட்ட நடைமுறை. திறந்து பார்த்து முறுக்கம் இல்லையென்றால் ஒரு சிறு வடு மிஞ்சும். திறக்காமல் விட்டு முறுக்கம் இருந்திருந்தால் மிஞ்சுவது வேறு.

தைத்த விதையில் வரும் எல்லா வலியும் முறுக்கமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்; இல்லாவிட்டால் ஒவ்வொரு சிறு நோவும் குடும்பத்தை நித்திரையின்றி வைத்துவிடும். கரையாத இழையைச் சுற்றிச் சிறு கட்டி உருவாகித் தொடும்போது நோகலாம். நரம்பு வடுவில் சிக்கி நீண்டநாள் மந்தமான வலி தரலாம். கிருமித்தொற்று, சிறுநீரகக் கல், குடலிறக்கம் என்று பிற காரணங்களும் உண்டு. நாட்கணக்கில் மெல்ல வளரும் வலி, காய்ச்சல், சிறுநீர் எரிவு ஆகியவை தொற்றின் பக்கம் சுட்டும். திடீரென்று தொடங்கி, ஒரே பக்கத்தில் நின்று, குமட்டலையும் கூட்டிவரும் வலி வேறு வகை. சில நிமிடங்கள் கடுமையாக வந்து தானாகவே மறைந்து, சில வாரங்களில் மறுபடி வரும் வலிக்கும் ஒரு பொருள் உண்டு. விதை முறுகித் தானே அவிழ்கிறது என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். வலி நின்றுவிட்டது என்று அதை மறந்துவிடாமல், அடுத்த கிளினிக்குக்குக் காத்திராமல், சத்திரசிகிச்சை வைத்தியரிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.

கொழும்பில் இருப்பவருக்குச் செல்லுமிடம் பற்றிய கவலை வேண்டாம். சிறுவருக்கு பொரளையிலுள்ள சீமாட்டி ரிஜ்வே வைத்தியசாலை, பெரியோருக்குத் தேசிய வைத்தியசாலை, தெற்கே உள்ளவர்களுக்குக் களுபோவில வைத்தியசாலை என அரச வைத்தியசாலைகள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன, சிகிச்சை இலவசம். இந்நோய் அதிகம் வருவது 12 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் என்பதால், சிறுவர் வைத்தியசாலைக்கா பெரியோர் வைத்தியசாலைக்கா என்ற தயக்கம் எழும். அந்தத் தயக்கத்தில் நேரத்தைக் கழிக்காமல் மிக அருகில் உள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாற்ற வேண்டுமென்றால் அவர்கள் மாற்றுவார்கள். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வழியில் பிளேன்டீயோ பிஸ்கட்டோ கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுப்பதற்கு வெறும் வயிறு நல்லது. சூடு ஒத்தடம், தைலம், கையால் திருப்பிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். முறுக்கு வழக்கமாக உட்புறமாகத் திரும்புகிறது என்றாலும், மூன்றில் ஒரு பங்கினரில் எதிர்ப்புறமாகத் திரும்பியிருப்பதாக ஓர் ஆய்வு காட்டியது. தவறான திசையில் திருப்பினால் முறுக்கு இன்னும் இறுகும். போய்ச் சேர்ந்ததும் சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லுங்கள்: வலது விதையில் இத்தனை மணிக்குத் திடீரென்று வலி தொடங்கியது, முன்பு விதைமுறுக்கத்துக்குச் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது, மீண்டும் முறுகியிருக்குமோ என்று பயப்படுகிறோம்.

இரண்டாவது சத்திரசிகிச்சை முதலாவதைவிடக் கடினமானது. பழைய வடுவைப் பிரித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். எந்தத் தையல் எங்கே இருந்தது, எது விட்டுப்போனது, உறை திறக்கப்பட்டிருந்ததா என்பதை அங்கேயே கண்டறிய வேண்டும். விதை உயிரோடு இருந்தால், முதலில் தோற்ற முறையையே மறுபடி செய்யாமல், உறையை நன்கு நீக்கி, பரந்த பிடிப்புக் கிடைக்கும் வேறொரு முறையால் பொருத்துவது பொருத்தமாக இருக்கும். முன்பு தைக்கப்பட்டிருந்தாலும் மறுபக்கத்தையும் சோதிப்பது பற்றி வைத்தியரிடம் கேட்பதற்குக் குடும்பத்துக்கு முழு உரிமையுண்டு. முதல் முறையே ஒரு விதையை இழந்தவருக்கு மறுவிதையில் வலி வந்தால், அங்கே பணயமாக இருப்பது அவருடைய கடைசி விதை. ஒரு விதை போதும். அதைக்கொண்டு பிள்ளை பெறவும் இயல்பாக வாழவும் முடியும். அதையும் இழந்தால் தன் விந்தால் பிள்ளை பெறும் வாய்ப்புப் போய்விடும். ஓமோனை வாழ்நாள் முழுவதும் மருந்தாக எடுக்க வேண்டிவரும். இப்படிப்பட்டவர்கள் பாடசாலையிலும் விடுதியிலும் வேலையிடத்திலும் குறைந்தது ஒருவரிடமாவது தம் நிலையைச் சொல்லிவைத்திருக்க வேண்டும்.

வைத்தியசாலையிலிருந்து விடும்போது கையில் தரப்படும் டயக்னோசிஸ் கார்டை நம்மவர்கள் பத்திரமாகவே வைப்பார்கள். பிறப்புச் சான்றிதழோடும் காணி உறுதியோடும் சேர்த்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பையன் வெள்ளவத்தையில் வலியால் துடிக்கும்போது அந்தக் கார்டு யாழ்ப்பாணத்தில் பூட்டிய அலுமாரிக்குள் இருக்கும். அதை இன்றே படமெடுத்து அவனுடைய தொலைபேசியிலும் பெற்றோரின் தொலைபேசியிலும் வைத்துக்கொள்ளலாம். கார்டில் சத்திரசிகிச்சையின் பெயர் மட்டும் எழுதியிருந்தால், அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் நான்கு விடயங்களைக் கேட்டு அதன் ஓரத்தில் எழுதி வாங்கலாம்: இரண்டு பக்கமும் பொருத்தப்பட்டனவா, உறை திறக்கப்பட்டதா, கரையும் இழையா கரையாத இழையா, எத்தனை தையல். நள்ளிரவில் அவனைப் பரிசோதிக்கப்போகும், அவனை முன்பு பார்த்திராத ஒரு வைத்தியருக்கு அந்த நான்கு விடைகளும் தேவைப்படும்.